ஐந்து நொடிக்கு ஒரு முகவரி

1

இந்தக் கதை ஒரு கணினி நிரலிலிருந்து வந்தது. அந்த நிரலை எழுதியவன் நான். முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு இரண்டு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன், இரண்டும் சரிப்பட்டு வரவில்லை.

முதல் ஆரம்பம்: "அவள் விரல் விசைப்பலகையின் மேல் ஒரு கணம் தயங்கி நின்றது." [அடித்துவிட்டேன். தயங்கியதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? தவிர, அவரை 'அவள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அலுவலகமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும்.]

இரண்டாம் ஆரம்பம்: "எல்லாவற்றையும் பார்க்கும் ஒரு கண் அந்தக் கட்டடத்தில் இருந்தது." [இதை நேற்று மாலை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "என்ன, பேய்க் கதையா?" என்றாள். அதோடு அந்தக் கண்ணும் போயிற்று.]

ஆகவே மூன்றாவது ஆரம்பம், அலங்காரம் இல்லாமல்: மணி ஒன்று இருபது. மூன்று மணிக்கு எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய வேலை போகப்போகிறது. அவர் மேல் தப்பு இல்லை. அதை நிரூபிக்கக்கூடிய ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான். அவன் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

2

எங்கள் நிறுவனம் தேர்வு வினாத்தாள் தயாரிக்கிறது. கேள்வி எழுதுபவர்கள் வெளியே எங்கெங்கோ இருக்கிறார்கள். அவற்றைத் தொகுத்து, பிழை நீக்கி, அச்சுக்குப் போகும் வடிவத்துக்குக் கொண்டுவருவது எங்கள் பாடு. இரண்டாம் மாடியில் நீளமாக ஒரே அறை, பதினான்கு மேசைகள். கைப்பேசியை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். [வினாத்தாளுக்கு இறக்கை முளைத்துவிடும் என்று யாரோ பயந்திருக்கிறார்கள்.]

அக்கா இங்கே மெய்ப்புப் பார்ப்பவர், பதினேழு வருடமாக. எல்லாரும் கமா அக்கா என்போம். மற்றவர்கள் பிழையைக் கண்டால் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஓரத்தில் ஒரு புலம்பலும் எழுதுவார்கள். அக்கா சத்தமில்லாமல் ஒரு கமா வைப்பார், வாக்கியம் சரியாகிவிடும். மேலாளர் அனுப்பிய விடுமுறை அறிவிப்பையே கமா போட்டுத் திருப்பி அனுப்பிய ஆள். என் கதைகள் பத்திரிகைக்குப் போகும் முன் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். என்னை "எழுத்தாளரே" என்பார். அதில் கிண்டல் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"யார் யார் எந்த வெப்சைட்ல இருக்காங்கன்னு நமக்குத் தெரியணும். செய்ய முடியுமா?"

"செஞ்சிடலாம் சார்."

முடியாது என்று சொல்லத் தெரியாத வியாதி எங்கள் கணினிக்கார இனத்துக்கு உண்டு. ஆனால் இது அவ்வளவு லேசான வேலை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் பிரவுசரிடம் வெளியிலிருந்து ஒரு நிரல் போய், "இப்போது எந்த முகவரியில் இருக்கிறாய்?" என்று கேட்டால் அது வாயைத் திறக்காது. பக்கத்தின் தலைப்பைக் கேட்டால் சொல்லும். தலைப்பை வைத்து என்ன செய்வது? கடையின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு அது எந்தத் தெரு என்று சொல்ல முடியுமா? பிரவுசருக்குள்ளேயே ஒரு துணைக்கருவியைப் பொருத்தலாம். பொருத்தினால் அது மூலையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், எல்லாரும் என்ன ஏது என்று கேட்பார்கள். மேலாளர் அதை விரும்பவில்லை.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்காகக் கணினி தன் திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானையும் பெட்டியையும் பெயரோடு வெளியே காட்டி வைத்திருக்கிறது. நான் அந்த வாசல் வழியாக நுழைந்தேன். பிரவுசரின் மேலே இருக்கும் முகவரிப் பெட்டியைக் கண்டுபிடி. அதில் உள்ள எழுத்தைப் படி. நேரத்தோடு குறித்து வை. ஐந்து நொடிக்கு ஒரு முறை, நிமிடத்துக்குப் பன்னிரண்டு வரி, ஒவ்வொரு மேசைக்கும்.

[கண் தெரியாதவர்களுக்காகத் திறந்து வைத்த வாசலில் வேவு பார்க்க நுழைந்ததை அப்போது கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.]

மூன்று வாரத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, வரலாற்றுத் தேர்வின் வினாத்தாள் வெளியே போய்விட்டது. இருட்டுவதற்குள் ஊரில் பாதிப் பேர் கைப்பேசியில் அது இருந்தது. மேலாளர் பதிவுகளைத் தோண்டினார். கமா அக்காவின் மேசையில், அன்று நான்கு பன்னிரண்டிலிருந்து நான்கு பதினாறு வரை, கோப்புகளை வெளியே அனுப்பும் ஒரு தளத்தின் முகவரி. நாற்பத்தெட்டு வரி, வரிசையாக.

இந்தச் செவ்வாய்க்கிழமை அக்காவையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

"இந்தப் பதிவு சரிதானா?"

"சரிதான் சார்" என்றேன்.

"நான் அந்தப் பக்கமே போகல சார்" என்றார் அக்கா.

"மெஷினுக்கு உங்க மேல என்னம்மா கோபம்?" என்றார் மேலாளர். கத்தவில்லை. அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் நீக்கம். வினாத்தாளைக் கசியவிட்டவர் என்ற பெயர் ஒரு முறை ஒட்டிக்கொண்டால் இந்தத் தொழிலில் வேறு எந்தக் கதவும் திறக்காது. இன்று வெள்ளிக்கிழமை.

3

ஒரு பாத்திரத்தைச் சந்தேகப்படுவது எழுதுகிறவனுக்கு ரொம்பச் சுலபம். செவ்வாய் மதியம் முழுவதும் நான் அதைத்தான் செய்தேன். அவருக்குத் தேர்வெழுதும் ஓர் அக்கா மகனை உண்டாக்கினேன். அவன் இரண்டு முறை தோற்றவன். அக்கா ராத்திரி தூங்காமல் [நிறுத்திவிட்டேன். கமா அக்காவுக்கு அக்காவே கிடையாது. வீட்டில் இவர்தான் மூத்தவர்.]

கற்பனை படுத்துவிட்டதால் வேறு வழியில்லாமல் நிரலைச் சோதித்தேன். என் பிரவுசரைத் திறந்து, முகவரிப் பெட்டியில் ஓர் எழுத்தை மட்டும் தட்டினேன். எங்கள் அகராதித் தளத்தின் முதல் எழுத்து. அக்கா ஒரு நாளைக்கு நூறு முறை போகும் தளம். மீதியைப் பிரவுசர் தானாக நிரப்பியது. ஆனால் அகராதியின் முகவரியை நிரப்பவில்லை. அதே எழுத்தில் தொடங்கும் அந்தக் கோப்புத் தளத்தை நிரப்பியது. ஆறு மாதத்துக்கு முன்புவரை அச்சகத்துக்கு நாங்கள் அதில்தான் எல்லாம் அனுப்பினோம், எல்லா மேசைப் பிரவுசரிலும் முதல் தளமாக அதைச் சேமித்தும் வைத்திருந்தோம், பிறகுதான் தடை வந்தது. மனிதர்கள் தடையை நினைவு வைத்திருந்தார்கள். பிரவுசர் பழைய பழக்கத்தை நினைவு வைத்திருந்தது.

நான் என்டரைத் தட்டவில்லை. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. திரையில் இன்னும் பழைய பக்கம்தான் இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு இருபது நொடி உட்கார்ந்தேன்.

பதிவைப் பார்த்தேன். நான் கோப்புத் தளத்தில் இருந்ததாக நான்கு வரி.

பெட்டியில் பாதி தட்டி நிற்கும் எழுத்துக்கும், உண்மையில் திறந்திருக்கும் பக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது என் நிரலுக்குத் தெரியாது. தெரிய வைத்திருக்க வேண்டியவன் நான். 'யாராவது இந்தப் பெட்டிக்குள் தட்டிக்கொண்டிருந்தால் படிக்காதே' என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். கணினிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. அவன் தன் மேசையில் சோதிக்கும்போது முகவரியை முழுசாகத் தட்டி, என்டர் தட்டி, பக்கம் வந்த பிறகுதான் பதிவைப் பார்ப்பான். நிஜ மனிதர்கள் பாதியில் எழுந்து போவார்கள் என்பது அவன் புத்திக்கு எட்டாது.

[இங்கே வாசகர் கேட்பார்: சரி, உடனே போய்ச் சொல்ல வேண்டியதுதானே? நியாயமான கேள்வி. அடுத்த பகுதியில் இதற்குப் பதில் சொல்லாமல் நழுவியிருக்கிறேன்.]

4

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: அக்கா ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார். கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை படித்துப் பார்த்து, விட்டுப்போன ஒரு கமாவை வைக்கிறார். பதினேழு வருடம் உட்கார்ந்த நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போகிறார். இதைத்தான் முதலில் எழுதினேன், எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஒருத்தர் வயிற்றில் நான் அடித்துவிட்டு, அந்த அடி எவ்வளவு அழகாக விழுந்தது என்று நானே உருகிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

இரண்டாம் முடிவு: அக்காவே கண்டுபிடிக்கிறார். மேலாளர் நீட்டிய நாற்பத்தெட்டு வரிகளை மெய்ப்புப் பார்ப்பதுபோல விரல் வைத்துப் படிக்கிறார். "சார், அந்த சைட்ல ஒரு ஃபைல் அனுப்பினா அட்ரஸ் பின்னாடி நீளமா என்னென்னவோ வரும். இதுல நாலு நிமிஷமும் வெறும் தளத்தோட பேர்தான் நிக்குது. நாலு நிமிஷம் வாசல்லயே நின்னுட்டு எப்படி சார் உள்ள இருக்கிறதத் தூக்கிக் குடுக்க முடியும்?" மேலாளர் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுகிறார். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. நேற்று மாலை மனைவியிடம் படித்தேன். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். வாயைத் திறக்காமலே யாருக்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவாள்.

"நல்லா இருக்கு. அவங்களே கண்டுபிடிச்சுட்டா நீங்க எதுவும் பண்ண வேண்டாம், அதான?"

"கதைக்கு அதுதான் நல்லது."

"கதைக்கா உங்களுக்கா?"

"எல்லாத்தையும் இப்படிப் பார்த்தா எதையுமே எழுத முடியாது."

"எழுதாதீங்க. அந்த அக்காவுக்கு வேலை இருக்குமா இருக்காதா? அதை மட்டும் சொல்லுங்க" என்று விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

மூன்றாம் முடிவு: நான் போய்ச் சொல்கிறேன். மேலாளர் என் தோளைத் தட்டி, "இந்த நேர்மை யாருக்கு வரும்" என்கிறார். [இரண்டு வரியிலேயே நிறுத்திவிட்டேன். அந்தத் தோளைத் தட்டும் கையை நானே நம்பவில்லை.]

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் தள்ளிவிட்டுப் போகத்தான் திட்டம். இந்த மாதிரிக் கதைகளில் அதுதான் வழக்கம். வாசகருக்கு மரியாதை கொடுப்பதுபோல இருக்கும், எழுதுகிறவனும் கை கழுவிவிடலாம்.

மணி இரண்டு ஐந்து.

5

மூன்றாம் பகுதியில் இரண்டு விஷயங்களை மறைத்தேன்.

ஒன்று. அந்த ஒரு வரியை நேற்று சேர்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இனி எவர் வந்து சோதித்தாலும் என் நிரல் உத்தமன். பிழை இருந்ததற்கான சாட்சியம் என் கணினியில் கிடக்கும் பழைய பிரதி மட்டும்தான், அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு. இந்த இரண்டாவதற்கு வந்து சேரவே, கதையை ஆரம்பித்து எனக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பிழையைக் கண்ட பிறகு, அந்த வியாழக்கிழமை நான்கு பன்னிரண்டுக்கு மற்ற மேசைகளில் என்ன இருந்தது என்று பார்த்தேன். என் மேசையில், நான் கதை எழுதும் பக்கத்தின் முகவரி. இப்போது நீங்கள் படிக்கும் இதே மாதிரி, பிரவுசரிலேயே எழுதும் பக்கம். அலுவலக நேரம்தான். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று ஒரு வாக்கியம் எனக்கு மடங்க மாட்டேன் என்றது. தலையைத் தூக்கி நான்கு மேசை தள்ளிக் குரல் கொடுத்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன்."

"வந்தேன் எழுத்தாளரே" என்று தட்டிக்கொண்டிருந்ததைத் தட்டியபடியே விட்டுவிட்டு வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்த வாக்கியத்தை மூன்று துண்டாக்கிக் கொடுத்தார். ஒரு நிமிஷம் என்று கூப்பிட்டேன், நான்கு நிமிஷம் நின்றிருக்கிறார். அகராதிக்குப் போகத் தட்டிய அந்த ஓர் எழுத்து, கோப்புத் தளமாக நீண்டு, அங்கே அவருடைய காலி நாற்காலிக்கு முன்னால் நாற்பத்தெட்டு முறை படிக்கப்பட்டிருக்கிறது.

அவர் எங்கே இருந்தார் என்பதற்கு நான்தான் சாட்சி. அவரை அங்கே கூப்பிட்டவனும் நான்தான். அவருக்கு அது நினைவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் நான்கு நிமிஷம் யாருக்கு நினைவிருக்கும்? நேற்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்பா, நானே கை தவறி ஏதாவது தொட்டு, அது தானா போயிருக்குமோ? அப்படி ஆகுமா?"

"தெரியலக்கா" என்றேன்.

"நான் வீட்ல கேஸை அணைச்சேனா இல்லையான்னு ரெண்டு தடவ திரும்பிப் போய்ப் பாக்கற ஆளு. இதையும் அப்படி மறந்திருப்பேனோன்னு..." என்று நிறுத்தி, பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டார். பதினேழு வருடம் மற்றவர்கள் பிழையைக் கண்டுபிடித்தவர், செய்யாத பிழையைத் தனக்குள் தேட ஆரம்பித்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? மேலாளர் எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்ந்திருந்தார். அலுவலக நேரத்தில் கதை எழுதுவது வெளியே வந்துவிடும். இவ்வளவுதான் காரணம். பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தால் மன்னிக்கவும்.

என் கதைகளை முதலில் படிப்பவர் அக்கா என்றேன். இரண்டு இருபதுக்கு இந்தப் பக்கத்தின் இணைப்பை வழக்கம்போல அவருக்கு அனுப்பிவிட்டேன். "அக்கா, பார்த்துக் கொடுங்க" என்று மட்டும் எழுதினேன்.

6

அவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் எனக்குப் பார்க்க வேறு வழி இருக்கிறதே. என் நிரலின் நேரடிப் பட்டியலைத் திறந்தேன். பதினான்கு மேசைகள், பதினான்கு வரிகள், ஐந்து நொடிக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளும். [ஆமாம், அவர் என் குற்றத்தைப் படிப்பதை அதே கருவியால் ஒளிந்திருந்து பார்க்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம்.]

2:24. அக்காவின் மேசை: அகராதி.

2:26. அகராதி.

2:27. இந்தப் பக்கம்.

அவர் உள்ளே வந்துவிட்டார். எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று நிரல் சொல்கிறது, எந்த வரியில் இருக்கிறார் என்று சொல்லத் தெரியவில்லை. முதல் பகுதியிலா? "மெஷினுக்கு உங்க மேல என்னம்மா கோபம்" என்ற இடத்திலா? நான் அவருக்கு உண்டாக்கிய அக்கா மகனைப் படித்துச் சிரித்திருப்பாரா?

2:33. இரண்டாம் பகுதியில் ஒரு கமா வந்து உட்கார்ந்தது. நான் போட்டது அல்ல.

2:35. மூன்றாம் பகுதியில் ஓர் எழுத்துப்பிழை சரியாயிற்று.

2:38. நான்காம் பகுதியில் ஒன்றும் இல்லை. ராஜினாமாக் கடிதம் இருக்கும் இடம். அவர் அதை வேகமாகக் கடந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அதன் பிறகு எந்தத் திருத்தமும் வரவில்லை. ஐந்தாம் பகுதியில் ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டிருந்தேன் [இல்லை, இதுவும் பொய். எல்லாப் பிழையும் தானாக வந்ததுதான்.]

2:44. இந்தப் பக்கம்.

2:49. இந்தப் பக்கம்.

2:55. இந்தப் பக்கம். பட்டியலின்படி கமா அக்கா தன் மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

"எழுத்தாளரே."

குரல் என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வருகிறது.

நான் திரும்பவில்லை. தட்டிக்கொண்டே இருக்கிறேன். அவர் பேசுவதைப் பேசப் பேச எழுதிக்கொள்கிறேன், அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும்.

"ரெண்டாவது பகுதியில ஒரு தப்பு இருக்கு."

"கமாவா அக்கா?"

"'சரிதான் சார்'னு ஒரு தடவ சொன்னதா எழுதியிருக்க. நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு தடவ சொன்ன. நான் போகலன்னு சொன்னதுக்கு அப்புறமும் ஒரு தடவ சொன்ன."

சொன்னேன். அது எனக்கே மறந்துபோயிருந்தது, அல்லது மறந்துபோனதாக எழுதியிருந்தேன்.

"மூணு நாளா எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். வீட்ல யார்கிட்டயும் சொல்லல. சொன்னா, நீ அப்படிப் பண்ணுவியான்னு கேட்பாங்க, எனக்கே பதில் தெரியாதுன்னு பயந்து..." குனிந்து என் திரையைப் பார்க்கிறார். "உனக்குப் பதில் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தண்ணி பிடிக்கிற இடத்துல என் மூஞ்சப் பார்த்துத் தெரியலக்கான்ன."

"அக்கா, நான் வந்து..."

"மன்னிப்பெல்லாம் கதையில எழுதாத. எனக்கு இது கதையா வேண்டாம். அந்தப் பழைய பிரதி எங்க இருக்கு?"

"இதுலதான் இருக்கு. இந்த மெஷின்லயே."

"காட்டத் தெரியுமா? அவர் மெஷின்லயே போட்டு, அவர் கண்ணு முன்னாடியே ஓட விட்டு?"

"தெரியும்."

"அப்ப எந்திரி. இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு."

அவர் கை நாற்காலியின் முதுகைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. கோபமா பயமா என்று எழுத மாட்டேன், என்னவென்று எனக்குத் தெரியாது. எதிரே மேலாளரின் அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. அவர் மேசையை ஒழுங்குபடுத்துவது தெரிகிறது.

'எழுந்தேன்' என்று நான் எழுத வேண்டுமானால், அதை எழுதி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே அந்தச் சொல்லை இந்தக் கதையில் தேடாதீர்கள். இதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம்.